கோடிக் கால்வாயில் நான் நட்ட மாங்கன்றுகள்

அன்பும் மரியாதையும் மாறாத திம்மராயன் மாமாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. வருஷத் திதியைப் பற்றி அக்கா இப்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். இந்த நேரத்தில் தாலுகாவில் உள்ள பஞ்சாயத்துத் தலைவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். நம் ஊருக்கு முதல் தலைவராக இருந்த உங்களைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். "அன்னார் நேர்மையின் சிகரம்" என்று தொடங்கினால் அதற்கு மேல் கை ஓடவில்லை. ஊரில் உங்களை அதிகமாகத் திட்டியவன் நான்தானே? அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் தேக்கிவிட்டார்கள். அங்கே வேலைக்குப் போன நம் ஆட்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் அப்படியே பெங்களூர் போய்விட்டார்கள். அங்கே பாக்டரி பாக்டரியாகக் கட்டுகிறார்களாம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வந்திருக்கிறார். அவருடைய திருநெல்வேலித் தமிழைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இவர்கள் தமிழைக் கேட்டு அவர் சிரிக்கிறார். அக்காவுக்கு முழங்கால் வலி. மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் அக்கா ருக்மணியின் வீட்டுக்காரர். ஏரிக்குக் கிழக்கே கொஞ்சம் ராகி நிலம், ஒரு ஜோடி மாடு, மணி இல்லாத ஒரு சைக்கிள், இவ்வளவுதான் உங்கள் ஆஸ்தி. வெள்ளைக்காரன் போன சில வருஷத்தில் ஊருக்குப் பஞ்சாயத்து போர்டு வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் கை தூக்கச் சொன்னார்கள். உங்களுக்குத்தான் அதிகக் கை. உங்களுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும் என்பதுதான் காரணம் என்று நான் நினைத்தேன். கூட்டத்தில் முடிவான எதையும் மூன்று பாஷையிலும் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்திருப்பீர்கள்.

"எல்லாருக்கும் தமிழ் புரியுது மாமா. எதுக்கு மூணு வாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புரியுதுடா. ஆனா எதிர்த்துப் பேசணும்னா அவனவன் வீட்டு பாஷையிலதான் வாய் வரும். அதுக்கு வழி விடணும் இல்ல?" என்றீர்கள்.

நம் ஊர் ஏரி நிரம்பினால் தண்ணீர் வடக்குக் கோடியில் வழியும். அங்கிருந்து ஒரு கால்வாய் வழியாக எங்கள் நிலத்தையும், அதற்குக் கீழே உங்கள் ராகி நிலத்தையும் ஒட்டி இறங்கி ஆற்றுக்குப் போய்ச் சேரும். ஏரிக்கரைக்கு நேர் கீழே பள்ளத்தெரு. நாற்பது வீடு இருக்கும், எல்லாம் மண்சுவர், எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். கோடிக் கால்வாய் ஓடினால்தான் கரை தாங்கும், பள்ளத்தெரு பிழைக்கும். ஆனால் வரிசையாக மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கால்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. என் அப்பா வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி அதை மூடி உழுதார். அவருக்குப் பிறகு மிச்சத்தை நான் மூடினேன். நாகரசம்பட்டியிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அங்கே நட்டேன். அது சர்க்கார் புறம்போக்கு என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தெருவிலிருந்து வந்த மெம்பர் மாதப்பன். அவருக்கு அதிகம் பேச வராது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் எழுந்து நிற்பார்.

"கோடிக் கால்வாயைத் தோண்டணும்ங்க."

"பார்ப்போம் மாதப்பா" என்பீர்கள் நீங்கள். வானம் கண்ணைத் திறக்கவே காணோம், இப்போது என்ன அவசரம் என்று யாராவது சொல்வார்கள். கூட்டம் கலைந்துவிடும்.

இதற்காக நீங்கள் ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா களி கிண்டிப் போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "நஞ்சா, அந்தக் கால்வாய்…" என்று ஆரம்பித்தீர்கள்.

"மாமா, கன்னு இப்பதான் வேர் புடிச்சிருக்குது. ரெண்டு வருஷம் பொறுத்துக்குங்க. காய்ப்புக்கு வந்துட்டா அப்புறம் என்ன வேணாலும் பேசிக்கலாம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் முன்னால், அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, நீங்கள் என்ன பேசுவீர்கள்? மிச்சக் களியைச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் போனது. அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில், மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஏரி உடைந்து, அந்தத் தண்ணீரும் நம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. கோடியில் வழியப் போன தண்ணீர் என் வரப்பில் முட்டித் திரும்பியது. பள்ளத்தெருவுக்கு நேர் மேலே கரை கசிய ஆரம்பித்தது.

பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு என் தோப்புக்கு வந்தார்கள். கோணிப்பையைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நீங்கள் முன்னால் வந்தீர்கள், பக்கத்தில் மாதப்பன். நான் வரப்பின் மேல் ஏறி நின்றேன்.

"டேய் மாதப்பா, ஒரு வெட்டு விழுந்துச்சு, நடக்கிறதே வேற!"

மாதப்பன் உங்கள் முகத்தைப் பார்த்தார்.

"நஞ்சா, நகரு" என்றீர்கள்.

"மாமா, என் கன்னு எல்லாம் போயிடும்."

"போயிடும். கீழ என் ராகியும் போயிடும். நகரு."

"நோட்டீஸ் குடுத்தீங்களா? எந்தச் சட்டத்துல வெட்டுறீங்க?"

"சட்டம் பேச இப்ப நேரம் இல்ல. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போ. நான்தான் வெட்டினேன்னு நானே வந்து சொல்றேன்."

என்னைத் தள்ளிவிட்டு முதல் வெட்டை நீங்கள் வெட்டினீர்கள். மாதப்பன் மண்வெட்டியை ஓங்கியபோது, "இரு, நான் வெட்டின பிறகு நீ வெட்டு" என்று தடுத்தீர்கள். கேஸ் என்று வந்தால் அவர் மேல் வரக்கூடாது என்றுதான் தடுத்தீர்கள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. தண்ணீர் என் கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனதை மட்டும்தான் பார்த்தேன். அறுப்புக்கு நின்ற உங்கள் ராகியின் மேல் அது ஏறிப் போனதையும் பார்த்தேன். பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

கரை நின்றது. ஆனால் அதற்குள் கசிந்து இறங்கிய தண்ணீரில் பள்ளத்தெருவில் மூன்று வீடு ஊறிப் போயிருந்தது. ஆட்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டிருந்தீர்கள். மாதப்பனின் தங்கை கெம்பம்மா, கட்டிக் கிடந்த ஆடுகளை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனாள். சுவர் அவள் மேல் சரிந்தது. எடுக்கும்போது உயிர் இல்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. அவர் நல்ல மனுஷர். எல்லாரையும் உட்காரச் சொல்லி நிதானமாகக் கேட்டார். கடைசியில், எதிர்பாராத பெருமழையால் நேர்ந்த சேதம் என்று எழுதி, கையெழுத்துக்காக உங்கள் பக்கம் நீட்டினார். நீங்கள் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"இப்படி எழுதாதீங்க சார்."

"ஏன்? மழை பெய்யலையா?"

"மழை பெஞ்சது நெசம். ஆனா கோடிக் கால்வாய் மூடிக் கெடந்தது. மூடினது என் மைத்துனர். தோண்டணும்னு மெம்பர் மாதப்பன் ரெண்டு வருஷமா கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னாரு. நான் தோண்டல. வேற யாராவது மூடியிருந்தா தோண்டியிருப்பேன். என் சம்சாரத்தோட தம்பிங்கிறதால விட்டுட்டேன். அதையும் சேத்து எழுதுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி அதையே கன்னடத்தில் சொன்னீர்கள், பிறகு தெலுங்கில். மூன்று தடவையும் நான் அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். 

"இனிமே இந்தப் பதவியில நான் இருக்கிறது சரியில்ல" என்று நீங்கள் சொன்னபோது மாதப்பன் எழுந்தார். தங்கையைப் புதைத்துப் பத்து நாள் ஆன மனுஷர்.

"விட்டுட்டுப் போறது சுலபம்ங்க. இருந்து தோண்டிட்டுப் போங்க" என்றார்.

தை பிறந்ததும் தோண்டினீர்கள். சர்வேயரை வரவழைத்து, அளந்து, கல் நட்டு, கோடியிலிருந்து ஆறு வரைக்கும். அளந்ததில் உங்கள் நிலத்திலும் ஒரு முழம் கால்வாய்க்குள் இருந்தது தெரிந்தது. அதையே முதலில் வெட்டச் சொன்னீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊர் முழுக்க வந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அக்கா என்னைத் தேடி வந்து, "அவரு சொன்னதுல எதுடா பொய்?" என்று கேட்டாள்.

"பொய்யா நெசமாங்கிறது இல்லக்கா. வீட்டு ஆளைச் சபையில நிக்கவெச்சுச் சொல்லலாமா?"

"அவரு தன்னையுந்தானே சொன்னாரு?"

 எனக்குக் கோபம் மட்டும் இருந்தது.

அடுத்த தேர்தல் வந்தது. நான் வீடு வீடாகப் போனேன். "சொந்த மச்சானையே காட்டிக்குடுத்த ஆளு. நாளைக்கு உங்களை விட்டுவெப்பாரா?" என்று கேட்டேன். ஊரில் வண்டிப் பாதையில், மேய்ச்சல் நிலத்தில், ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் இடத்தில் என்று கொஞ்சம் கொஞ்சம் வளைத்துப் போட்டிருந்த எல்லாருக்கும் அந்தக் கேள்வி நன்றாகப் புரிந்தது. என்னைப் பற்றி நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்றீர்கள். நான் பிரசிடெண்ட் ஆனேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஜனங்களோடு ஜனமாகத் தரையில் உட்கார்ந்து கேட்பீர்கள். என் மகள் சரோஜா கல்யாணத்துக்கும் வந்தீர்கள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். நான் வாங்க என்றும் சொல்லவில்லை, போய்வாங்க என்றும் சொல்லவில்லை.

உங்களைக் காய்ச்சலோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஆறு நாள் இருந்துவிட்டேன். ஏழாம் நாள் உங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் மாமா? "வாடா நஞ்சா" என்றிருப்பீர்களா? முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பீர்களா? இதை நான் யாரைப் போய்க் கேட்பது?

இனி உங்களுக்குத் தெரியாத செய்தி.

சரோஜாவைக் கொடுத்த இடம் உங்களுக்குத் தெரியும், ஏரிக்கு மறுபக்கத்து மேட்டுப்பட்டி. அதுவும் நம் பஞ்சாயத்துதான். சம்பந்தி வெங்கடப்பா நீங்கள் போன பிறகு செங்கல் சூளை போட்டார். பெங்களூரில் பாக்டரி கட்ட எவ்வளவு செங்கல் போனாலும் போதவில்லையாம். நல்ல விஷயம் என்று நானே போய்ப் பூஜையில் தேங்காய் உடைத்தேன். மண் எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்கவில்லை. ஏரிக்கரையின் அடியிலிருந்து எடுத்தார். அங்கேதான் களிமண் நன்றாக இருக்கிறதாம்.

கூட்டத்தில் மாதப்பன் எழுந்தார். "கரை அடியில மண்ணு எடுக்கிறாங்க. ஆள் உயரத்துக்குப் பள்ளம் ஆயிடுச்சு. நிறுத்தணும்ங்க."

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "பார்ப்போம் மாதப்பா."

அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்தேன்.  மகள் அந்த வீட்டில் இருக்கிறாள், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை, மாமனார் முகம் கோணினால் அவள் கதி என்ன? மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் களியை உருட்டிக்கொண்டு நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அப்போது உங்களுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. முதல் தடவையாகக் கோபம் இல்லாமல் உங்களை நினைத்தேன்.

ஊரில் இப்போது உங்களைக் குறையே இல்லாத மனுஷர் என்று பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் தப்புச் செய்தீர்கள். இரண்டு வருஷம் தள்ளிப்போட்டீர்கள், அதில் ஓர் உயிர் போனது. அதை ஊர் நடுவில் நின்று சொன்னீர்கள், பிறகு கால்வாயைத் தோண்டினீர்கள். அந்தத் தப்பை விட்டுவிட்டு உங்களைப் பற்றிப் பேசினால் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

நான்காம் நாள் காலை சூளைக்குப் போனேன்.

"சம்பந்தி, கரையில மண் எடுக்கக் கூடாது. இன்னியோட நிறுத்தணும்."

"லாரிக்குச் சொல்லிட்டேன். தை வரைக்கும் விடு."

"முடியாது. எடுத்த பள்ளத்தையும் நீங்களே மூடணும். மூடலைன்னா பஞ்சாயத்து மூடும், நோட்டீஸ் வரும்."

அவர் ஆட்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன் பொண்ணு எங்க வீட்லதான் இருக்கா. மறந்துடாதே" என்றார்.

"மறக்கல. அதனாலதான் வர்றதுக்கு மூணு நாளாச்சு" என்றேன்.

அவர் மூடவில்லை. நோட்டீஸ் போட்டோம். பஞ்சாயத்து ஆட்களை விட்டு நான்கு நாளில் பள்ளத்தை மூடி, திமிசுக் கட்டையால் மண்ணை இடித்து இறுக்கினோம். நானும் ஒரு மண்வெட்டியோடு நின்றேன். சூளை இப்போது வேறு இடத்து மண்ணில் ஓடுகிறது. ஆனால் இந்தத் தீபாவளிக்குச் சரோஜாவை அனுப்பவில்லை. மேட்டுப்பட்டிக்குக் காய் கொண்டுபோகும் லட்சுமம்மாவிடம், "நல்லா இருக்கேன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்று சொல்லியனுப்பினாள். "பாப்பா மொகம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். லட்சுமம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு, "வாடித்தான் இருந்ததுங்க" என்றாள். நான் செய்தது சரிதான். சரியாகச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று யார் சொன்னார்கள்? எனக்கு ஆகவில்லை.

பள்ளம் மூடி முடித்த அன்று சாயங்காலம் மாதப்பன் வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அன்னிக்கு மாமா அவரு பங்கைச் சபையில ஒத்துக்கிட்டாரு. என் பங்கை நான் ஒத்துக்கல. கால்வாயை மூடினது நான். தெரிஞ்சேதான் மூடினேன். கெம்பம்மா…" என்றேன்.

"தெரியும்ங்க" என்றார்.

"நீ என்னை மன்னிக்கணும் மாதப்பா."

அவர் பிளந்த விறகை ஓரமாக அடுக்கினார். "அதை எங்கிட்டக் கேக்காதீங்க. குடுக்க என்னால முடியல. கரையைப் பாத்துக்குங்க."

அவர் சொன்னது நியாயம். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இவ்வளவையும் எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். "இதையெல்லாம் அவரு இருக்கும்போது ஏன்டா சொல்லல?" என்று ஒரே கேள்வி கேட்டாள்.  மலரில் போடலாமா என்று கேட்டேன். "எதையும் வெட்டாமப் போடு" என்றாள்.

அடுத்த தேர்தலில் சம்பந்தி எனக்கு எதிராக ஆள் நிறுத்தப் போகிறார் என்று பேச்சு. நிறுத்தட்டும். ஜெயிப்பேனா தோற்பேனா என்பதைப் பற்றி உங்களுக்கு எந்த வாக்கும் தர முடியாது. ஒன்று மட்டும் தருகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆவணி பிறந்ததும் நானும் மாதப்பனும் ஏரிக்கரையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்ப்போம். எங்கே அடைத்திருந்தாலும், எங்கே தோண்டியிருந்தாலும், அன்றைக்கே ஆள் விட்டுச் சரிசெய்வேன். அது யாருடைய நிலம் என்று அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ருக்மணியின் தம்பி, ஆஸ்பத்திரிக்கு வராமல் போன உங்கள் மைத்துனன்,
நஞ்சப்பன்